மாணிக்தலாவின் இரண்டு தோட்டங்கள்

கொல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட்டின் கிழக்குக் கோடியில் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தில் முதலில் கண்ணில் படுவது பணம்தான். 1767-ல் திறந்த இடம். கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்து, கப்பலேறி ஊர் திரும்புவதற்குள் காய்ச்சலில் போனவர்களுக்குப் பிரமிடுகளும் கூர்நுனித் தூண்களும் குவிமாடங்களுமாக எழுப்பித் தள்ளியிருக்கிறார்கள். செங்கல் மேல் பூசிய சுண்ணாம்பு மழையில் கறுத்துப் பாசி பிடித்திருக்கிறது. சமஸ்கிருதம் படித்த நீதிபதி வில்லியம் ஜோன்ஸின் தூண் ஆளை அண்ணாந்து பார்க்க வைக்கும். நான் தேடி வந்தது 22 வயதில் இறந்த ஒரு வாத்தியாரை. காவலாளியிடம் ‘டெரோசியோ’ என்றதும் மேலும் கீழும் பார்த்துவிட்டு மேற்குப் பக்கம் கை காட்டினார். சுற்றியுள்ள கோபுரங்களுக்கு நடுவே அது இடுப்பளவு சமாதிதான்.

ஹென்றி லூயிஸ் விவியன் டெரோசியோ 1809 ஏப்ரல் 18-ல் இதே ஊரில் பிறந்தவர். போர்ச்சுகீசிய வம்சாவளி. வெள்ளைக்காரர் சபையிலும் சேர்த்தி கிடையாது, இந்துக்கள் வீட்டிலும் சேர்த்தி கிடையாது என்ற யுரேசிய வகுப்பு. 14 வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. கொஞ்ச காலம் பாகல்பூரில் ஓர் அவுரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். 1826-ல், 17 வயதில், இந்து கல்லூரியில் ஆசிரியரானார். ஆங்கில இலக்கியமும் வரலாறும் பாடம். எதிரே உட்கார்ந்திருந்த பையன்களில் பலர் அவரைவிட நாலைந்து வயதுதான் இளையவர்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கல்லூரி இந்துப் பிள்ளைகளை மட்டுமே சேர்த்துக்கொண்டது. டெரோசியோ அங்கே பாடம் நடத்தலாம், மாணவராகச் சேர முடியாது.

இரண்டு வருஷத்தில், 1828-ல், அந்தப் பையன்களோடு சேர்ந்து அவர் தொடங்கியதுதான் ‘அகாடமிக் அசோசியேஷன்’. இந்தியக் கல்லூரி மாணவர்கள் கூடிய முதல் விவாத மன்றம் என்று இதையே பெரும்பாலும் சொல்கிறார்கள். முதலில் அவர் வீட்டில் கூடினார்கள், பிறகு மாணிக்தலாவில் ஸ்ரீகிருஷ்ண சிங்காவின் தோட்ட வீட்டில். டெரோசியோ தலைவர். விதி என்று ஒன்று உண்டா, மனிதனுக்குச் சுயேச்சை உண்டா, கடவுள் இருக்கிறாரா, விக்கிரக வழிபாடு சரியா, புரோகிதர் எதற்கு, தேசப்பற்று என்பது என்ன என்று தலைப்புகள். கூட்டம் முடிந்தும் பேச்சு முடியாது. வீடு போய்ச் சேரும்வரை தெருவில் தொடரும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்ட சகோதரக் குழுக்கள் இருக்கின்றனவே, அவற்றின் பூர்விகமும் இப்படிப்பட்ட பேச்சு மன்றம்தான். 1776 டிசம்பர் 5-ல் வர்ஜீனியாவில் சில மாணவர்கள் தொடங்கிய ‘ஃபை பீட்டா காப்பா’ அதில் முதலாவது. கட்டுரை வாசித்தார்கள், வாதாடினார்கள். ஆனால் சத்தியப் பிரமாணம், ரகசியக் குறி, கை குலுக்குவதில் ஒரு சங்கேதம் எல்லாம் வைத்துக்கொண்டார்கள். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச்சு. கொல்கத்தாப் பையன்களிடம் சத்தியமும் இல்லை, சங்கேதமும் இல்லை. பள்ளிக்கூடங்கள் கட்டிய ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹேர் தவறாமல் வந்து உட்காருவார். உயர் நீதிமன்றத்துக்கு முன்னோடியான சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதி எட்வர்ட் ரயான் வந்து கேட்டிருக்கிறார். கடவுள் இருக்கிறாரா என்று 16 வயதுப் பையன்கள் கேட்ட ஊரில், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று கதவைத் திறந்து வைத்ததுதான் எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. அவர்களுக்கு வந்த வினையும் அதனால்தான்.

மறுநாள் காலேஜ் ஸ்ட்ரீட். லேக் மார்க்கெட் பக்கம் நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் ஒரு தமிழர் துணைக்கு வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். வங்காளியில் சண்டை போடும் அளவுக்கு அந்த மொழி தெரியும் அவருக்கு. காளிகாட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி மகாத்மா காந்தி ரோட்டில் இறங்கினோம். இருபுறமும் தகரப்பெட்டி மாதிரிப் புத்தகக் கடைகள். நடைபாதையில் நடக்க இடமில்லை. பொறியியல் நுழைவுத் தேர்வு வழிகாட்டிகளுக்கு அடியில் எங்கோ இலக்கியமும் இருக்கிறது.

காலேஜ் ஸ்கொயரின் குளத்தைக் கோல்திகி என்கிறார்கள். பையன்கள் நீச்சல் பழகிக்கொண்டிருந்தார்கள். குளத்தங்கரையை ஒட்டி டேவிட் ஹேரின் சமாதி. ஸ்காட்லாந்திலிருந்து 1800-ல் கடிகாரம் செய்து விற்க வந்தவர். வியாபாரத்தை ஒப்படைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் கட்டுவதிலேயே காசையெல்லாம் செலவழித்தார். 1842 ஜூன் 1-ல் காலராவில் இறந்தபோது, தேவாலயத்தை மதிக்காதவர் என்று கிறிஸ்தவக் கல்லறையில் இடம் தரவில்லையாம். பிள்ளைகள் படித்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். பூணூல் போட்டவர்களும் ஒரு வெள்ளைக்காரரின் சவ ஊர்வலத்தில் மழையில் நனைந்துகொண்டு நடந்தார்கள். டெரோசியோவுக்குப் பிறகு அசோசியேஷனின் தலைவராக இருந்தவர் இவர்தான்.

எதிர்ச்சாரியில் பிரசிடென்சி. 1817 ஜனவரி 20-ல் சித்பூர் சாலையில் ஒரு வாடகை வீட்டில் தொடங்கிய இந்து கல்லூரிதான் 1855-ல் பிரசிடென்சி காலேஜ் ஆகி, 2010-ல் பல்கலைக்கழகமாயிற்று. இப்போதுள்ள பெரிய கட்டடம் 1874-ல் வந்தது. டெரோசியோ பாடம் நடத்தியது சாலைக்கு இந்தப் பக்கம், சமஸ்கிருதக் கல்லூரியை ஒட்டிய கட்டடத்தில். ஆனாலும் உள்ளே ‘டெரோசியோ ஹால்’ என்று ஓர் அரங்கம் இருக்கிறது. வேலையை விட்டுத் துரத்தியவர் பெயரில் மண்டபம்.

துரத்திய கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நகரம் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. 1829 டிசம்பரில் உடன்கட்டை ஏறுவதைச் சட்டம் தடுத்தது. 1830-ல் அதை எதிர்த்துத் தர்ம சபை கிளம்பியது. அதன் பிரமுகர் ராதாகாந்த தேவ் கல்லூரி நிர்வாகக் குழுவிலும் இருந்தார். பையன்களைப் பற்றித் தினம் ஒரு புகார். காளி கோயிலுக்கு இழுத்துப் போனால் ‘குட் மார்னிங், மேடம்’ என்கிறானாம். சந்தியாவந்தனம் செய்யச் சொன்னால் ஹோமரைச் சொல்கிறானாம். டாம் பெய்னின் ‘பகுத்தறிவின் யுகம்’ கப்பலில் வந்து இறங்க, ஒரு ரூபாய்ப் புத்தகத்தை ஐந்து ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள் என்று பாதிரியார் அலெக்சாண்டர் டஃப் எழுதி வைத்தார். ரசிக் கிருஷ்ண மல்லிக் என்ற மாணவரை நீதிமன்றத்தில் கங்கை நீரைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னபோது, கங்கை புனிதம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார். ஊர் காதைப் பொத்திக்கொண்டது.

1831 ஏப்ரல் 23-ல் நிர்வாகக் குழு கூடியது. டெரோசியோவைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. அவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தகுதியற்றவரா என்று முதலில் வாக்கெடுத்தார்கள். தகுதியற்றவர் என்று பெரும்பான்மை சொல்லவில்லை. அப்புறம் கேள்வியை மாற்றினார்கள்: ஊரின் மனநிலையைப் பார்த்தால் அவரை அனுப்புவது உசிதமா? உசிதம் என்றார்கள். இது இந்துக்களின் உணர்வு சம்பந்தப்பட்டது, எங்களுக்கு அபிப்பிராயம் இல்லை என்று சமஸ்கிருத அறிஞர் ஹோரஸ் ஹேமன் வில்சனும் ஹேரும் ஒதுங்கிக்கொண்டார்கள். ஹேரின் சமாதியில் எவ்வளவு நேரம் நின்றும் இந்த ஒதுங்கல் மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. குழுவில் இருந்த ஸ்ரீகிருஷ்ண சிங்காதான் அவசியமில்லை என்றார். மாணிக்தலாத் தோட்டத்தைத் திறந்துவிட்டவர் பெயரும் அதுதான்.

25-ந் தேதி டெரோசியோ ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். தனிப்பட்ட முறையில் வில்சன் மூன்று கேள்வி கேட்டார். கடவுள் இல்லை என்று கற்பித்தீரா? பெற்றோருக்குப் பணிய வேண்டாம் என்றீரா? அண்ணன் தங்கை கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றீரா? மறுநாளே பதில் போனது. கடவுள் விஷயத்தில் தத்துவ அறிஞர் ஹியூமின் வாதத்தையும் சொன்னேன், அதற்கு ரீடும் ஸ்டூவர்ட்டும் சொன்ன மறுப்பையும் சொன்னேன், ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது வாத்தியார் வேலை அல்ல என்பது அதன் சாரம். பெற்றோர் பற்றிய குற்றச்சாட்டையும் மூன்றாவதையும் அடியோடு மறுத்தார். அவருடைய தங்கையை ஓர் இந்து மாணவனுக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறார் என்று ஒரு வதந்தியும் அப்போது ஓடியது. அதை எங்கிருந்து கிளம்பியது என்று துருவிப் பார்த்திருக்கிறார். வீடு வீடாகப் போய் ஊர்வம்பு சொல்லிப் பிழைக்கிற ஓர் ஏழை அந்தணரிடம் போய் நின்றதாம். செய்தி கிடைக்காத நாளில் அவரே செய்து தருவார்.

வேலை போன எட்டாவது மாதம் காலராவில் உயிரும் போனது. இடையில் ‘ஈஸ்ட் இந்தியன்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார்.

காபி ஹவுஸுக்கு வந்துவிட்டோம். 1876-ல் கட்டிய ஆல்பர்ட் ஹால் இது. 1942-ல் காபிக்கடை ஆனது. தலைப்பாகையும் வெள்ளை உடுப்புமாகப் பரிமாறுகிறவர்கள், ரசம் போன ரவீந்திரநாத் படம், மேலே சுற்றும் மின்விசிறிகளையும் மீறிச் சிகரெட் புகை. பால் இல்லாத காபிக்கு இங்கே ‘இன்ஃப்யூஷன்’ என்று பெயர். கும்பகோணத்து நாக்குக்கு அது கஷாயம். பக்கத்து மேசையில் ஆறு மாணவர்கள், மூன்று காபி, ஒரே சமயத்தில் நான்கு பேர் பேசினார்கள். “என்ன விஷயமாம் அண்ணா?” என்றேன். கொஞ்சம் காது கொடுத்துவிட்டு, “மாணவர் சங்கத் தேர்தல்லேர்ந்து ஆரம்பிச்சு இப்ப சத்யஜித் ராயா ரித்விக் கட்டக்கான்னு போயிட்டிருக்கு. ராத்திரிதான் முடியும்” என்றார்.

டெரோசியோ இறந்த பிறகும் அவர் பிள்ளைகள் கலையவில்லை. அதற்கு முன்பே சோதனை வந்துவிட்டது. 1831 ஆகஸ்டில் கிருஷ்ணமோகன் பானர்ஜி வீட்டில் இல்லாத நேரம் அவர் நண்பர்கள் அங்கே கூடி மாட்டிறைச்சி தின்று, எலும்பைப் பக்கத்து வீட்டு அந்தணர் முற்றத்தில் வீசிக் கூச்சல் போட்டார்கள். ஜாதியை உடைப்பதுதான் இந்தச் சகோதரக் குழுவின் தீட்சை என்று இதை ரசித்து எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கங்கை மேல் சத்தியம் செய்ய மாட்டேன் என்று நீதிமன்றத்தில் நின்ற பையனுக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எலும்பு எறியக் கை மட்டும் போதும். பலனை அனுபவித்தவர் வீட்டிலேயே இல்லாத கிருஷ்ணமோகன். குடும்பம் அவரை வெளியே தள்ளியது. ஏற்றுக்கொண்டவர் மன்றத்து நண்பர் தக்ஷிணாரஞ்சன் முகர்ஜி. அந்த வீட்டுப் பெரியவருக்குப் பொறுக்காததால் அங்கேயும் நீடிக்க முடியவில்லை. அடுத்த வருஷம் கிருஷ்ணமோகன் கிறிஸ்தவரானார். மதம் மாறிய பிறகும் மன்றத்து நட்பு மாறவில்லை.

அவர்கள் பிற்பாடு செய்த காரியங்களைப் பார்த்தால், வாலிபத் திமிர் என்று ஒதுக்கிவிட முடியாது. ராதாநாத் சிக்தார் கணிதம் படித்தவர். பரங்கிமலையில் 1802-ல் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கினாரே, அந்தப் பெரும் நில அளவையில் வேலைக்குச் சேர்ந்து தலைமைக் கணக்கராக உயர்ந்தார். ‘பதினைந்தாம் சிகரம்’ என்று மட்டும் குறித்திருந்த மலைதான் உலகிலேயே உயரமானது என்று 1852-ல் கணக்குப் போட்டுச் சொன்னவர் அவர். 1856-ல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். பெயர் எவரெஸ்ட்டுக்குப் போனது. 1843-ல் டேராடூனில் சர்வே கூலிகளை மாஜிஸ்திரேட் கூலி கொடுக்காமல் சுமை தூக்க வைத்ததை எதிர்த்து, மூட்டையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு 200 ரூபாய் அபராதம் கட்டியவரும் இவரே. பியாரி சந்த் மித்ராவோடு சேர்ந்து 1854-ல் பெண்கள் படிக்கும்படி பேச்சு வங்காளியில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். பத்து இருபது வயதில் ஹியூம், பெய்ன் என்று ஆங்கிலத்திலேயே மூழ்கிக் கிடந்தவர்கள், நாற்பது வயதில் தங்கள் வீட்டுப் பெண்களுக்குப் புரியாததை எழுதி என்ன பயன் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தாமதம்தான். ஆனால் வந்தார்கள். தக்ஷிணாரஞ்சன், பெத்யூன் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கு நிலம் கொடுத்தார்.

1838-ல் ‘பொது அறிவு ஈட்டும் சங்கம்’ என்று பழைய ஆட்களே மறுபடி கூடினார்கள். 1843 பிப்ரவரியில் கல்லூரி மண்டபத்தில் கம்பெனியின் நீதிமன்றங்களையும் போலீசையும் பற்றி தக்ஷிணாரஞ்சன் கட்டுரை வாசித்தார். முதல்வர் ரிச்சர்ட்சன் எழுந்து, இந்த இடம் ராஜதுரோகக் குகையாவதை அனுமதிக்க மாட்டேன் என்று கத்தினார். தலைவராக இருந்த தாராசந்த் சக்கரவர்த்தி, நீங்கள் இங்கே விருந்தாளி, உறுப்பினர் பேச்சில் குறுக்கிட உரிமை இல்லை என்று உட்கார வைத்தார். முதல்வரின் கல்லூரியிலேயே முதல்வரை விருந்தாளி ஆக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் கூட்டத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

நம்மூரில் இதற்கு ஈடாக நினைவுக்கு வருவது திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்து ஆறு இளைஞர்கள். முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலேயர் பத்திரிகைகள் ஏசியதும், ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 1878 செப்டம்பர் 20-ல் 80 பிரதி அச்சடித்தார்கள். அந்தப் பத்திரிகை, ‘தி ஹிந்து’, இன்றும் வருகிறது. டெரோசியோ பிள்ளைகள் நடத்திய பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. முதலாவதான ‘பார்த்தினான்’ ஒரே இதழோடு சரி. வங்காளிகள் பேசுவதில் கெட்டி, நாம் கணக்கில் கெட்டி என்றார் அண்ணா. அவர் வங்கிக்காரர்.

பேச்சு மன்றங்களின் கதவு எப்போது சாத்தப்பட்டது? 1870-களிலேயே அடையாளம் தெரிகிறது. ராஜ்நாராயண் பாசு, ஜோதிரிந்திரநாத் தாகூர் ஆகியோர் ‘சஞ்சீவனி சபை’ என்று ஒன்று நடத்தினார்கள். சின்னப்பையன் ரவீந்திரநாத்தும் உறுப்பினர். சந்துக்குள் ஓர் இடிந்த வீடு, இருட்டு, கிசுகிசுப் பேச்சு, வேத மந்திரம் சொல்லித் தீட்சை. சபைக்கு ‘ஹாம்சுபாமுஹாஃப்’ என்று ஒரு சங்கேதப் பெயர் வேறு. நாட்டை விடுவிக்க முதல் படியாகச் சுதேசித் தீக்குச்சி செய்தார்கள். எரியவைக்கப் பட்ட செலவில் ஊருக்கே ஒரு வருஷம் அடுப்பு மூட்டியிருக்கலாம் என்கிற அளவில் தாகூரே பின்னாளில் கேலி செய்திருக்கிறார். சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1902-ல் அனுசீலன் சமிதி தொடங்கியபோது வெளியே சிலம்பம், தேகப்பயிற்சி. உள்ளே சத்தியப் பிரமாணம்.

அதனால்தான் மாணிக்தலாவுக்குப் போக ஆசைப்பட்டேன். டெரோசியோவின் மன்றம் கூடிய தோட்ட வீடு இருந்த அதே பகுதியில், முராரிபுகூர் ரோடு 32-ம் எண்ணில், எண்பது வருஷம் கழித்து இன்னொரு தோட்டம். அரவிந்தரின் தம்பி பாரீந்திரகுமார் கோஷ் அங்கே பையன்களைக் கூட்டிவைத்துக் கீதை சொல்லிக்கொடுத்தார். பாரீஸ் போய்க் கற்றுவந்த ஹேமச்சந்திரரும், வீட்டிலேயே ரசாயனம் பழகிய உல்லாஸ்கர் தத்தாவும் வெடிகுண்டு செய்தார்கள். உல்லாஸ்கர் பிரசிடென்சி மாணவர். வங்காளிகளை இழிவாகப் பேசிய ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயப் பேராசிரியரை அடித்துவிட்டு வெளியேற்றப்பட்டவர். அதே கல்லூரியிலிருந்து 1916-ல் பேராசிரியர் ஓட்டனை மாணவர்கள் தாக்கிய வழக்கில் சுபாஷ் சந்திர போஸும் வெளியே போனார். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவரைத் துரத்திவிட்டு, பின்னாளில் அவரையே பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்தக் கல்லூரிக்கு வழக்கம் போலிருக்கிறது.

1908 ஏப்ரல் 30-ல் முசாஃபர்பூரில் இந்தத் தோட்டத்துப் பையன்கள் நீதிபதி கிங்ஸ்ஃபோர்டுக்கு வைத்த குறி தப்பி, இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் செத்தார்கள். மே 2 விடியற்காலையில் போலீஸ் தோட்டத்தைச் சுற்றி வளைத்தது. பாரீந்திரரும் உல்லாஸ்கரும் அந்தமானுக்குப் போனார்கள். விடுதலையான அரவிந்தர் 1910 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். மிச்சக் கதை நமக்குத் தெரியும்.

முதல் தோட்டத்துப் பையன்களுக்கு வேலை போயிற்று, வீடு போயிற்று. இரண்டாவது தோட்டத்துப் பையன்களுக்கு உயிரும் இளமையும் போயின, குறுக்கே வந்த இரண்டு பெண்களின் உயிரும் போயிற்று. இவர்களை வீரர்கள் என்கிறோம், அவர்களை வாயாடிகள் என்கிறோம். வாயாடிகள் பேசியதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளாத ஆட்சியின் கூலிதான் இரண்டாவது தோட்டம் என்று எனக்குப் படுகிறது.

ஷேர் ஆட்டோவில் மாணிக்தலா முனையில் இறங்கி மீன் சந்தைக்குள் புகுந்தோம். ஈரம் வழுக்கியது. மேடையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, எதிரே நட்டிருந்த அரிவாள்மணையில் ஆளுயரக் கட்லாவைக் கையால் அழுத்தித் துண்டாக்கிக்கொண்டிருந்தார் ஒருவர். தலை தனி, வயிறு தனி, முதுகு தனி, மூன்றுக்கும் விலை வேறு. கத்தி அசைவதில்லை, மீன்தான் அசைகிறது. அண்ணா அவரிடம் தோட்டம் எங்கே இருந்தது என்று விசாரித்தார். ஆள் தலையைத் தூக்காமலே முராரிபுகூர் பக்கம் கை நீட்டி, குண்டு போட்டவங்க தோட்டம்தானே, அங்கே போய் ‘போமார் மாட்’டுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க என்றார். அது இல்லை தாதா, அதுக்கும் முந்தி, காலேஜ் பையன்கள் கூடி வெறுமனே பேசிக்கிட்டிருந்த வீடு என்று அண்ணா விளக்கினார். இப்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

“பேசறதுக்கு எதுக்குத் தோட்டம்?” என்று கேட்டுவிட்டு, வயிற்றுத் துண்டு வேண்டுமா, தலை வேண்டுமா என்றார்.